பேஸ்மென்டில் பதினாறடி

2003 மார்ச் 8, சனிக்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். சமையலறை யன்னலுக்கு வெளியே பூட்டியிருக்கும் வெப்பமானி மைனஸ் 21 காட்டியது. தேநீர், இரண்டு கிரீம் கிராக்கர். 6.15க்கு இரண்டு சோடிக் காலுறை, பூட்ஸ், கம்பளித் தொப்பி, அதற்கு மேல் ஜக்கெட்டின் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு ஆற்றைப் பார்க்கப் போனேன். கியூபெக் மாகாணத்தில், பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து ஆறு பதினொரு நிமிட நடை. பனி கொட்டிக் கிடந்தால் பதினாறு. ஆறு முதல் நாள் இருந்ததுபோலவே இருந்தது. அதாவது, இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை வயல் கிடந்தது. நடுவில் ஒருவர் கதிரை போட்டு உட்கார்ந்து, ஐஸில் வெட்டிய துளைக்குள் தூண்டில் விட்டிருந்தார். 6.55க்கு வீடு திரும்பிக் கொப்பியில் எழுதினேன்:

“139ஆவது நாள். மைனஸ் 21. ஐஸ். முன் இருக்கை காலி.”

அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே நேரங்களை நம்பலாம்.

139 என்பது எங்கள் கனூ கடைசியாகத் தண்ணீரில் மிதந்த நாளிலிருந்து எண்ணியது. கனூ என்றால் இரண்டு முனையும் கூரான, ஒடுங்கிய, மேல் திறந்த வள்ளம். எங்களுடையது பச்சை நிறம், பதினாறடி நீளம், முப்பத்தொரு கிலோ, இரண்டு இருக்கை. பின்னால் இருப்பவர் திசையைப் பார்ப்பார். முன்னால் இருப்பவர் துடுப்பை வலித்து வேகம் கொடுப்பார். 1997இல், புவாண்ட்-கிளேரில் நான் சரக்குக் கணக்கு எழுதும் களஞ்சியத்தார் வைத்த கோடைப் பிக்னிக்கில் முதன்முதலாக ஒன்றில் ஏறினேன். பின் இருக்கையில் இருந்து துடுப்பின் கைப்பிடியைச் சற்றே திருப்பினேன், வள்ளம் திரும்பியது. நான் சொன்ன பக்கம் மறுபேச்சில்லாமல் போன முதல் பொருள் என் வாழ்க்கையில் அதுதான். அடுத்த வருடமே பழைய கனூ ஒன்றை வாங்கினோம். பின் இருக்கை எனக்கு, முன் இருக்கை இவருக்கு. இவர் என்றால் என் கணவர்.

இவர் நல்ல பலசாலி. ஒரு தளபாடக் கடைக்காக வீடு வீடாகப் போய்ப் பலகைகளைச் சேர்த்து அலுமாரி பூட்டுபவர். ஆனால் கதைக்கத் தொடங்கினால் கை நின்றுவிடும். துடுப்பு மடியில் கிடக்கும், தலை பின்னுக்குத் திரும்பும், அரசியல் வரும். நான் ஒவ்வொரு பயணத்தையும் கொப்பியில் பதிந்து வந்தேன்: காற்று, தூரம், தண்ணீரின் உயரம், முன் இருக்கை. அது யாரையும் குறைசொல்ல எழுதியதல்ல. களஞ்சியத்தில் எந்தப் பெட்டி உடைந்து வந்தது என்று எழுதுவதைப்போலத்தான்.

2002 ஒக்டோபர் 20, ஞாயிறு, பூசை முடிந்து ஆற்றுக்குப் போனோம். பகல் ஒரு மணிக்கு, ஆற்றின் நடுவில் வைத்து, மத்தியானத்துக்குக் கட்டிய சம்பல் பாணைத் தேடி நீர் புகாத பைக்குள் கையை விட்ட இவருக்குக் கொப்பி அகப்பட்டது. திறந்தார். சத்தமாகவே வாசித்தார்.

“‘முன் இருக்கை: 2.10 முதல் 2.25 வரை துடுப்பு தண்ணீரில் படவில்லை. கதை.’ இது என்ன?”

“பதிவு.”

“‘முன் இருக்கை: இடது என்றதும் வலதில் வலித்தது. மூன்று தடவை.’ இதென்ன காணும், பொலிஸ் றிப்போட்டோ?”

“மூண்டு தடவைதானே?”

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. இவர் கொப்பியை மூடி, பைக்குள் வைத்து, பையின் வாயை ஒழுங்காகச் சுருட்டிக் கட்டினார். பிறகு சொன்னார்: “நான் இனி முன்னுக்கு இருக்க மாட்டன். உம்மட கொப்பியை இருத்தி ஓடும்.” கரை சேரும்வரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அன்று நாங்கள் வழமையைவிடப் பன்னிரண்டு நிமிடம் முந்தி வந்துசேர்ந்தோம். அதையும் பதிந்தேன்.

அதன்பிறகு வீட்டில் ஒரு குறையும் இல்லை. இவர் சிரித்தார், சமைத்தார், பனி வழித்தார். கனூ என்ற சொல் வந்தால் மட்டும் காது கேட்காது. நானோ ஐந்தடி ஒரு அங்குலம். முப்பத்தொரு கிலோவைத் தனியே காரின் மேலே ஏற்ற என்னால் ஏலாது. ஏற்றினாலும் முன் இருக்கையில் பாரமில்லாத கனூ காற்றில் சருகுபோலச் சுற்றும். ஆகவே முன் இருக்கை இல்லையென்றால் எனக்கு ஆறும் இல்லை. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டால் மன்னிப்பும் கேட்கவேண்டி வரும். நான் எழுதியதில் ஒரு எழுத்தும் பிழையில்லையே, எதற்கு மன்னிப்பு என்று குளிர்காலம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் குளிர் நவம்பரில் வந்து, போகிற எண்ணமே இல்லாமல் தங்கிவிட்டது. கராஜைக் காரும் பனி தள்ளும் இயந்திரமும் பிடித்துக்கொண்டதால் கனூவை நவம்பர் 3ஆம் தேதி, கராஜையும் பேஸ்மென்டையும் இணைக்கும் கதவு வழியாக உள்ளே கொண்டுவந்தோம். அது மட்டும் இரண்டுபேருமாகத்தான். இரண்டு மரத் தாங்கிகளில் அதை ஏற்றி வைத்தோம். தினமும் மாலை பின் இருக்கையில் ஏறி, காற்றில் இருநூறு தடவை துடுப்பு வலித்தேன். இடப்பக்கம் மட்டுந்தான். வலப்பக்கம் சூடாக்கியின் குழாய் இருந்தது. ஜனவரி 11ஆம் தேதி அதை மறந்துபோனேன். குழாய் இன்றும் அந்த இடத்தில் நெளிந்துதான் இருக்கிறது.

தண்ணீரில் போடும் மிதவை அங்கி குளிருக்கு நல்லது என்றும் அந்த மாதம்தான் கண்டுபிடித்தேன். ஜக்கெட்டுக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு வாசலில் பனி வழிப்பேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கியூபெக்காரர் ஒருவர். பெப்ரவரிக் கடைசியில் ஒரு நாள் செம்மஞ்சள் அங்கியைப் பார்த்துவிட்டு, வெள்ளம் வரும் என்று வானொலியில் ஏதும் சொன்னார்களா என்று பிரெஞ்சில் கேட்டார். கனூவின் கதை அப்படித்தான் வெளியில் வந்தது. அவருக்கு வடக்கே ஏரிக்கரையில் ஒரு சிறு வீடு உண்டு. கனூவைத் தனக்குத் தருவேனா என்றார். யோசித்து மார்ச் 9 ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன். இவரிடம் வந்து விஷயத்தைச் சொன்னேன்.

“உம்மட வள்ளம். நீர்தான் முடிவெடுக்க வேணும்” என்றார். அப்போது இவர் என் துடுப்பால் கூரை விளிம்பில் தொங்கிய ஐஸ் ஈட்டிகளைத் தட்டி விழுத்திக்கொண்டிருந்தார். அதை நான் கொப்பியில் எழுதவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இவருக்குத் தெரிந்திருக்காது.

ஆக, மார்ச் 8 காலை என் கையில் மீதம் இருந்தது ஒரு நாள்.

அந்த ஒரு நாளில்தான் செபமாலையும் வந்தது. தவக்காலத்தில் எங்கள் பங்கு மக்கள் சனிக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகக் கூடிச் செபமாலை சொல்வது வழக்கம். எங்கள் முறை மார்ச் 8 என்று ஜனவரியிலேயே எழுதியாகிவிட்டது. பதின்மூன்றுபேர் வருவார்கள். மேலே ஹோலில் எட்டுப்பேர் முழந்தாளிடலாம். ஒன்பதாவது ஆள் தொலைக்காட்சிக்குள் போகவேண்டும். பேஸ்மென்ட் ஒன்றுதான் வழி. அங்கே பதினாறடிக்குக் கனூ.

அளந்தேன். முன் சுவரோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தால் பதின்மூன்றுபேருக்கும் இடம் உண்டு. கவிழ்த்து வைக்க மட்டும் இவர் வந்து கைகொடுத்தார், காது கேட்காத முகத்தோடு. பிறகு அதை மூடவேண்டும். கட்டில் விரிப்புகள் எல்லாம் எட்டடி, ஒன்பதடி. இரண்டைச் சேர்த்தால் நடுவில் பொருத்துத் தெரியும். கோயிலில் தவக்காலத்தில் புனிதர்களின் சுரூபங்களை மூடும் ஊதாத் துணிகளைத் தோய்த்து அயன் பண்ணுவது அந்த வருடம் என் பொறுப்பு. அவற்றில் பெரியது பதினெட்டடிக்கு ஆறடி. போட்டுப் பார்த்தேன். தைத்ததுபோல் இருந்தது, நான்கு பக்கமும் சமமாகத் தொங்கியது. அதற்கு மேலே சுவரில் சிலுவை. மெழுகுதிரி வைக்க வேறு மேசை இல்லாததால் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஸ்டூலை வைத்துத் திரிகளை ஏற்றினேன். நீளம், அகலம், உயரம் எல்லாம் பார்த்தேன். பார்க்கிறவருக்கு அது என்னவாகத் தெரியும் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

2.50க்குப் பெரியக்கா வந்தா. மன்னார்ப் பக்கம், எழுபது கடந்தவ, செபமாலையைத் தொடங்கி வைப்பவ. எல்லோருக்கும் அவ பெரியக்காதான். கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கி வந்தவ பாதியில் நின்றா. முந்தானையைத் தலையில் போட்டா. மீதிப் படிகளை மெதுவாக இறங்கி, கனூவின் முன்னால் முழந்தாளிட்டு, ஊதாத் துணியின் விளிம்பை முத்தமிட்டா.

“வடிவாச் செய்திருக்கிறார், பிள்ளை. நான் நினைக்கேல்ல, அவர் இவ்வளவு கெதியா முடிப்பார் எண்டு.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவ அதை ஆசந்தி என்று நினைத்துவிட்டா.

ஆசந்தி என்பது பெரிய வெள்ளியன்று யேசுவின் திருவுடலைக் கிடத்தி, நாலுபேர் தோளில் தூக்கிப் பவனி வரும் மரக்கட்டில். எங்கள் பங்கில் அது இல்லாத குறையைத் தீர்ப்பதாக நவம்பரில் வாக்குக் கொடுத்தவர் வேறு யாருமில்லை, இவர்தான். அன்றுமுதல் ஒவ்வொரு ஞாயிறும் கோயில் கமிட்டித் தலைவர், “ஆசந்தி எந்த அளவில நிக்குது?” என்று கேட்பார். இவர், “நடக்குது அண்ணை” என்பார். அதற்கு வாங்கிய பலகை, சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரியாமல், கராஜில் பனி தள்ளும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்றது.

நான் வாயைத் திறப்பதற்குள் மற்றவர்களும் இறங்கி வந்துவிட்டார்கள். முதல் ஆள் முழந்தாளில் இருப்பதைக் கண்டு அடுத்த ஆளும் முழந்தாளிட்டார். தலைவர் மட்டும் நின்றபடி, நீளத்தைக் கண்ணால் அளந்தார்.

“கொஞ்சம் நீளம்போல.”

“ஆண்டவர் நல்ல உயரம்” என்றா பெரியக்கா.

அந்த நேரம் இவர் தேநீர்த் தட்டோடு படியில் வந்தார். பதின்மூன்று முகமும் திரும்பின.

“தம்பி, கை குடு” என்று தலைவர் தட்டையும் பொருட்படுத்தாமல் இவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கோப்பைகள் ஆடின. “நான் உம்மைச் சந்தேகப்பட்டிட்டன். பகிடியில்லை, மன்னிக்க வேணும்.”

இவர் கனூவைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இருபத்துநாலு வருட மணவாழ்க்கையில் இவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை; பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்ப்பதுபோல.

“எத்தினை நாள் பிள்ளை எடுத்தது?” என்று பெரியக்கா என்னிடம் கேட்டா.

பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. “நவம்பர் மூண்டாம் தேதி இஞ்ச வைச்சது அக்கா” என்றேன். அது உண்மைதான்.

“பாருங்கோ, நாலு மாசம். ஒருத்தருக்கும் சொல்லாமல்.”

செபமாலை தொடங்கியது. யேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துக்க மறைபொருள்கள் ஐந்தும் கவிழ்த்த கனூவைப் பார்த்துச் சொல்லப்பட்டன. எனக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த இவரின் நெற்றி வியர்த்திருந்தது. மூன்றாம் பத்து மணிகளில் இவர், “அருள் நிறைந்த மரியே” என்பதற்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில், உதடு அசையாமல், “காப்பாத்தும்” என்றார். மாதாவிடமா என்னிடமா என்று தெரியவில்லை.

காப்பாற்ற எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் தலைவர், தோளில் எப்படி அமரும் என்று பார்க்கவேண்டுமென்று போய்த் துணியின் ஒரு முனையைத் தூக்கினார். பச்சை நிறத்தில், கூராக, பளபளவென்று அது வெளியே வந்தது. குனிந்து உள்ளே பார்த்தார். நிமிர்ந்தார்.

“இது வள்ளமல்லோ.”

சூடாக்கி மட்டும் நெளிந்த குழாய் வழியாக முனகியது.

“ஓம்” என்றார் இவர். “வள்ளம்தான். ஆசந்தி இன்னும்… பலகை வாங்கி வைச்சிருக்கிறன் அண்ணை.”

“பலகை மட்டுமோ?”

“ஆணியும்.”

தலைவரின் முகத்தில் வந்த மாற்றத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. பிழை இவருடையது மட்டுமல்ல என்று அப்போது எனக்குப் பட்டது. “துணி போட்டது நான்” என்றேன். “அளவு சரியா இருந்தது, அதால போட்டனான். எனக்கு யோசனை வரேல்ல. இவர் ஒருத்தரையும் ஏமாத்தேல்ல.” சொல்லி முடித்ததும் காது சுட்டது. ஐந்து வருடத்தில் முன் இருக்கைக்கு ஆதரவாக நான் சொன்ன முதல் வாக்குமூலம் அது.

பெரியக்கா மெல்ல எழும்பி வந்து, பச்சை முதுகை உள்ளங்கையால் தடவிப் பார்த்தா. “யேசுநாதர் வள்ளத்தில இருந்துதானே சனத்துக்குப் போதிச்சவர்? நான் முழந்தாள் போட்டது வீண்போகேல்ல. ஆனால் தம்பி, பெரிய வெள்ளிக்கு இதைத் தூக்க ஏலாது. எப்ப முடிப்பீர்?”

“கெதியா முடிக்கிறன் அக்கா.”

“கெதியா எண்டு ஒரு தேதி கலண்டரில இல்லை. மார்ச் முப்பது. பிள்ளை, நீ ஏதோ கொப்பி எழுதுறனியாம், அதில எழுதி வை.”

என் இரண்டு கையிலும் மரக்கறி ரோல்ஸ் தட்டு. “நீரே போய் எழுதிப்போட்டு வாரும்” என்று பெரியக்கா இவரை அனுப்பினா. இவர் மேலே போனார். ஒரு தேதி எழுத அரை நிமிடம் போதும். ஒன்பது நிமிடமாகியும் ஆள் வரவில்லை. நான் ஏறிப் போனபோது இவர் சமையலறை மேசையில் நின்றபடி கொப்பியைப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். மார்ச், பெப்ரவரி, ஜனவரி. ஐஸ், முன் இருக்கை காலி. ஐஸ், முன் இருக்கை காலி. குழாயை நெளித்த நாளிலும் அதுதான், கிறிஸ்மஸ் அன்றும் அதுதான். என்னைக் கண்டதும் மூடினார். “எழுதியாச்சு” என்றார். அவ்வளவுதான்.

5.10க்கு எல்லோரும் போய்விட்டார்கள். நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து சத்தம் வந்தது: “இஞ்சரும், ஒரு கை பிடியும்.”

போனேன். ஊதாத் துணி நாலாக மடிக்கப்பட்டு ஸ்டூலில் இருந்தது. விளிம்புகள் சமமாக இல்லை, அப்படியே விட்டேன். இரண்டுபேருமாகக் கனூவை நிமிர்த்தித் தாங்கிகளில் வைத்தோம். இவர் ஒரு ஸ்டூலில் கால் வைத்து ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்தபடி கேட்டார்:

“இப்ப என்ன எழுதுவீர்?”

“இருந்ததெண்டு எழுதுவன்.”

“கதைச்சால்?”

“கதைச்சதெண்டு எழுதுவன். நடந்ததை எழுதாமல் விட எனக்கு ஏலாது.”

“அது தெரியும். ஆனால் அஞ்சு வருஷத்தில ஒரு நாள்கூட நல்லது நடக்கேல்லையே?”

மேலே போய்ப் பழைய கொப்பிகளை எடுத்து வந்து தேடினேன். ஒன்று கிடைத்தது. 2000 ஓகஸ்ட் 13: “முன் இருக்கை மிக நன்று.” முழுவதையும் வாசிப்பதா என்று யோசித்தேன். வாசித்தேன்: “தொண்டை நோவால் கதைக்க முடியவில்லை.”

இவரின் முதுகு குலுங்கியது. கனூவும் குலுங்கியது. தாங்கி சரியுமோ என்று பயந்து ஒரு முனையைப் பிடித்தேன். சிரித்து முடிய நேரம் எடுத்தது.

“நான் எழுதினது பிழையில்லை” என்றேன். “ஆனால் எழுதினது முழுக்க முன் இருக்கையைப் பற்றித்தான். அது சரியான பதிவில்லை.”

“இதுதான் மன்னிப்போ?”

“ஓம்.”

“அப்ப அதுக்கு ஒரு பரிகாரம் செய்யும். பின் இருக்கை எண்டு ஒரு பத்தி போடும். அதை நான் எழுதுவன். நீர் திருத்தக் கூடாது.”

என் கொப்பியில் இன்னொரு கையெழுத்தா? ஆனாலும் பென்சிலும் அடிமட்டமும் எடுத்து, சமையலறை மேசையில் வைத்து, அடுத்த நாளின் பக்கத்திலிருந்து வருடக் கடைசிவரை ஒரு கோடு கீறினேன். எல்லாப் பக்கமும் முடிய எட்டு மணியாகிவிட்டது. இவர் அதற்குள் கராஜுக்குப் போய்ப் பலகையின் பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட்டு வந்து படுத்துவிட்டார்.

மறுநாள் காலை 5.40க்கு எழுந்தேன். இவர் பக்கத்தில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மேசையில் கொப்பி திறந்து கிடந்தது. புதிய பத்தியில், கோட்டைத் தாண்டிச் சரிந்த எழுத்தில் இருந்தது: “பின் இருக்கை: 4.30க்குப் பார்த்தேன். குறட்டை. துடுப்பு தண்ணீரில் படவில்லை.” சிவப்புப் பேனையை எடுத்து, திரும்ப வைத்தேன். பிறகு, வெப்பமானியைப் பார்க்கமுதலே, அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு, கனூ தருவதற்கில்லை என்று பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சில் இரண்டு வரி எழுதினேன். மிதவை அங்கியை மாட்டிக்கொண்டு போய் அதை அவருடைய தபால் பெட்டியில் போட்டேன்.